ப, ம, வ இல்லாத இரண்டு நிமிஷம்

நியமனக் கடிதத்தோடு முதல் பாடசாலைக்குப் போகப்போகிற உங்களுக்கு எதைச் சொல்லலாம் என்று இரண்டு நாளாக யோசித்தேன். பாடத்திட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வரவு பதிவதும் கரும்பலகையில் நேராக எழுதுவதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் மண்டபம் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிப்பதா விடுவதா என்று ஒரு மூச்சுக்குள் முடிவெடுக்க வேண்டிய நேரம் ஒன்று உங்களுக்கும் வரும். எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் அதற்குப் பாடம் இல்லை. எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே வந்தது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. நெடுங்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கட்டை தூரம் நடந்தால் எங்கள் குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்துச் சனம் காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்துக்கொண்டிருந்த இடம். பாடசாலை என்றால் அரைச்சுவர் எழுப்பித் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். தலைமையாசிரியர், நான், இன்னொரு ஆசிரியர், மூன்று பேர்தான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகள் மரத்தில் ஏறுவார்கள், பாம்பை விரட்டுவார்கள். எழுந்து நின்று நாலு வசனம் பேசச் சொன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். என்ன செய்தும் சரிவராமல், ஒரு நாள் கரும்பலகையில் மூன்று எழுத்தைப் பெரிதாக எழுதினேன். ப, ம, வ.

"இந்த மூண்டும் இண்டைக்குச் சிறையில. இவையள் ஒருத்தரும் வாயால வெளிக்கிடாமல் ஒரு நிமிஷம் கதைக்கிறவருக்கு ஒரு பென்சில்."

பழைய இலக்கணகாரர் இதற்கு நிரோட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உதடு ஒட்டாமல் பாட்டுக் கட்டுவது. அவர்கள் உதட்டைக் குவிக்கிற உ, ஒ போன்றவற்றையும் விலக்குவார்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய பாரம் என்று நான் மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் பையன் எழும்பினான். "நான் காலையில் எழுந்தேன். கிணற்றடிக்குச் சென்றேன். தண்ணீர் அள்ளினேன். அம்மா..."

அவ்வளவுதான். வகுப்பே கூரை பறக்கக் கத்தியது. "அம்மா" என்ற சொல்லில் விழாத பிள்ளை அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த நாள் எல்லாரும் "தாய்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள், "அப்பா"வில் விழுந்தார்கள். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், வாயே திறக்காத பிள்ளைகளுக்கு இடைவேளையிலும் இதே விளையாட்டு. "மாடு" என்று வாய்தவறினவனைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். சொல் தேடுகிற பிள்ளையின் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு அலுமாரியை இழுத்து இழுத்துத் திறக்கிறது போல இருக்கும். அந்தக் கிழமைதான் நான் ஆசிரியையாக இருக்கத் தகுதியானவள் என்று எனக்கே முதல்முறை தோன்றியது.

ஆனால் பென்சில் எல்லாம் ஒருத்திக்கே போனது. சாந்தி என்று ஒரு சின்னப் பிள்ளை. ஒன்பது வயது. அவள் யோசிக்கவே மாட்டாள். குளத்துக்கு "ஏரி", மழைக்குத் "தூறல்", மாட்டுக்கு "எருது", வாய்க்காலுக்கு "ஓடை" என்று பேசிக்கொண்டே போவாள். நானே அவளோடு ஒரு நாள் போட்டியிட்டு அரை நிமிஷத்தில் தோற்றேன்.

"எங்கையடி படிச்சனீ உந்தச் சொல்லெல்லாம்?" என்று கேட்டேன்.

"படிக்கேல்லை ரீச்சர். ஐயா வீட்டில இப்பிடித்தான் கதைக்கிறவர்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. கூடவே வெட்கமும் வந்தது. முந்தின வருஷம் அந்தப் பிள்ளையைச் சேர்க்க அவளுடைய தகப்பன் வந்திருந்தார். பிள்ளையின் பெயரைக் கேட்டேன். "சாந்தி" என்றார். தகப்பன் பெயர்? "செல்லத்துரை." தாயின் பெயர்? மனிதர் பேசவில்லை. நிலத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய் மனைவியைக் கூட்டிவந்தார். அவ "பூமணி" என்று சொன்ன பிறகுதான் என்னால் பதிய முடிந்தது. பெண்சாதியின் பெயர்கூடச் சொல்லத் தெரியாத ஆள், கொஞ்சம் மந்தம் போல என்று நான் மனதுக்குள் எழுதி மூடிவிட்டேன். அவருடைய மேலுதட்டில் இருந்த பெரிய தழும்பைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையோ பெற்றோரோ உங்கள் முன்னால் பேசாமல் நின்றால், அவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்தச் சொல்லின் வாசலில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அதைப் பார்க்க ஒரு வருஷம் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். பூமணி தேத்தண்ணி போட்டுத் தந்து, எல்லாம் சொன்னா. பதினொரு வயதில் எருதின் கொம்பு அவருடைய மேலுதட்டைக் கிழித்து முன்பல்லையும் உடைத்துவிட்டது. புண் ஆறினபோது உதடு மேலே இழுபட்டு ஈறு தெரிய நின்றுவிட்டது. உதடு ஒட்டாது. ப-வும் ம-வும் வெறும் காற்றாகத்தான் வரும், வ-வும் தேய்ந்து போகும். சனம் சிரித்தது. அதனால் அந்த மூன்றையும் தொடாமல் பேசப் பழகிவிட்டார், இருபத்தைந்து வருஷமாக.

"ஓம் எண்டுகூடச் சொல்ல ஏலாது ரீச்சர், தலையைத்தான் ஆட்டுவார்," என்றா பூமணி. "பிள்ளையளுக்கும் தனக்குச் சொல்ல ஏலுமான பேராத்தான் வைச்சவர். மூத்தவள் சாந்தி, இளையவன் கண்ணன். என்னை இஞ்சேர் எண்டு கூப்பிடுவார். எல்லா மனுசரும் பெண்சாதியை அப்பிடித்தானே கூப்பிடுகினம், ஒருத்தருக்கும் தெரியாது."

அவருடைய காணி வாய்க்காலின் கடைசியில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், விவசாயம் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் எழுந்து, தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போயிருக்கிறார். ஆத்திரத்தில் சொல் தெரிந்தெடுக்க மறந்து, வாயில் வந்ததைப் பேசிவிட்டார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. ஒருவன் அதே மாதிரிப் பேசியும் காட்டினானாம். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், பிறகு எந்தக் கூட்டத்திலும் எழும்பவில்லை.

அப்போது எங்கள் பெற்றோர் தினத்துக்கு மூன்று கிழமை இருந்தது. தலைமையாசிரியர் அதற்கு டீ.ஆர்.ஓ.வைப் பிரதம விருந்தினராக அழைத்திருந்தார். பிரிவின் வருமான அதிகாரி. தண்ணீர், காணி, கட்டடம் எல்லாம் அவருடைய கையெழுத்தில்தான் நடக்கும். பாடசாலைக்கு ஓட்டுக்கூரை கேட்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் கனவு. நிகழ்ச்சியில் புதிதாக ஏதாவது வேண்டும் என்று அவர் கேட்க, நான் இந்த விளையாட்டைப் பெரியவர்களுக்குப் போட்டியாக வைக்கலாம் என்றேன்.

செல்லத்துரையரிடம் போய்க் கேட்டேன். வரம்பில் நின்று மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ ரீச்சர், என்னாலை ஏலாது. சனங்கள் சிரிக்குது."

"இந்தப் போட்டியில உங்களை வெல்ல ஆள் இல்லை. யோசிச்சுப் பாருங்கோ."

காய்ந்த வாய்க்காலைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அண்டைக்கு டீ.ஆர்.ஓ. ஐயா நிக்கிறாரோ?"

"ஓம். முன் கதிரையிலதான் இருப்பார்."

"எழுந்து செல்லாதிருந்து கேக்கிறாரோ?"

"கடைசி வரைக்கும் இருந்து அவர்தான் பரிசு குடுக்கிறார்."

"சரி. ஏறுறன்," என்றார். அவருடைய மனதில் என்ன ஓடியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெற்றோர் தினம் வந்தது. சிறுபோக நெல் கதிர் கட்டத் தொடங்கியிருந்த காலம். பின்னேரம் மூன்று மணிக்கே உட்காரும் வாங்குகள் நிறைந்து, அரைச்சுவரிலும் சனம். நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணியிருந்தேன். போட்டியாளரின் கீழுதட்டில் ஈரக் குங்குமம் பூசிவிடுவது. உதடு ஒட்டினால் மேலுதடு சிவக்கும். நான் கைமணியை அடிப்பேன். வாதாட்டத்துக்கே இடமில்லை, உதடே சாட்சி சொல்லும் என்று எனக்குச் சரியான பெருமை.

பரிசு ஒரு அரிக்கன் லாம்பு. ஒன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முதலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வந்தார். சால்வையைச் சரிசெய்தார். கைகூப்பினார். "வணக்கம்!"

மேலுதடு செக்கச் செவேல். மணி அடித்தேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீ.ஆர்.ஓ. கதிரையை விட்டே எழும்பிச் சிரித்தார். மனேச்சருக்கு என்ன நடந்தது என்று விளங்க அரை நிமிஷம் சென்றது. அடுத்தவர் மிகக் கவனமாக வணக்கத்தை விட்டுவிட்டு, "பெரியோர்களே" என்று தொடங்கினார். மூன்றாவது ஆள் "நண்பர்களே." ஐந்து பேர் முதல் வசனத்தைத் தாண்டவில்லை, இரண்டு பேர் பாதியில் விழுந்தார்கள்.

விழாதவர்களில் ஒருவர் பரமலிங்கத்தார். அவர்தான் வட்டவிதானை. குளத்து மதகான துருசைத் திறந்து, எந்தக் காணிக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுகிறவர். நல்ல குரல், நல்ல பேச்சு. கூட்டம் என்றால் அவர்தான் முதலும் கடைசியும். உழவுத் தொழிலைப் பற்றி ஒரு நிமிஷம் முழங்கினார். மேலுதடு சிவக்கவே இல்லை. ஆனால் இடையில் "உழவன்" என்றார். பிறகு "அவன்" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. வ சொல்லும்போது கீழுதடு மேற்பல்லில்தான் படும், மேலுதட்டுக்குக் குங்குமம் போகாது. அந்த ஓட்டையை நான் யோசித்திருக்கவில்லை. கை மணியில் இருந்தது. அடிக்கவில்லை. உதடு சிவக்கவில்லையே, பெரிய மனிதர் வேறு, என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். இது என் முதல் பிழை. நினைவில் வைத்திருங்கள், கொஞ்சத்தில் அதற்கு விலை கொடுக்கிறேன்.

கடைசியாகச் செல்லத்துரையர். அவர் ஏறினதும் பின் வாங்கில் ஒரு சிரிப்பு ஓடியது. குலுக்கி எடுத்ததில் அவருக்கு வந்த தலைப்பு யானை.

"நேற்று என்ரை காணிக்குள்ளை ஒரு யானை இறங்கிச்சுது," என்றார். சனம் நிமிர்ந்தது. "நெல்லடிக்குச் சென்றுது. என்ரை நெல்லைக் கண்டுது. ஐயோ, இதையா தின்கிறது எண்டு நினைச்சு, காட்டுக்கே சென்றிட்டுது!"

மண்டபம் வெடித்தது. அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. அவர் சொன்னதற்குச் சிரித்த சிரிப்பு. அவருக்கே அது புதிது போல, ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு ஒரு தடங்கல் இல்லாமல் நிமிஷத்தை முடித்தார்.

ஆக, இறுதிச் சுற்று. பரமலிங்கத்தாரும் செல்லத்துரையரும். ஆளுக்கு இரண்டு நிமிஷம். தலைப்பைக் குலுக்கி எடுக்கத் தலைமையாசிரியர் தகரப் பேணியை நீட்டினார். டீ.ஆர்.ஓ. கையை அசைத்தார். "குலுக்கல் வேண்டாம். இண்டைக்குக் காலமை தொடக்கம் போற இடமெல்லாம் தண்ணி, தண்ணி எண்டுதான் கேட்டுக்கொண்டு வாறன். தண்ணியைப் பற்றியே கதையுங்கோ."

நான் குங்குமச் சிமிழைத் திறந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "ரீச்சர், அந்தாளின்ர உதடு எங்க ஒட்டப்போகுது! பிறகென்ன குங்குமம்!"

பழைய சிரிப்பு திரும்பி வந்தது. பரமலிங்கத்தார் கையைத் தூக்கி அதை அடக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார். "ரீச்சர், நான் அவரைக் குறை சொல்லேல்லை. போட்டி எண்டால் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம் இருக்க வேணும். என்ர உதடு ஒட்டினால் நான் வெளியில. அவருக்கு ஒட்டவே ஒட்டாது. அப்ப இது என்ன போட்டி?"

செல்லத்துரையர் படியில் ஒரு காலை இறக்கிவிட்டார்.

தலைமையாசிரியர் என் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னார். "பிள்ளை, டீ.ஆர்.ஓ.வுக்கு முன்னால சண்டை வேண்டாம். ரெண்டு பேருக்கும் பரிசு எண்டு அறிவிச்சு முடிச்சுவிடும். எங்கட கூரையை யோசியும்."

அது சுகமான வழி. இருவருக்கும் கைதட்டல் விழும். எல்லாரும் வடை தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். செல்லத்துரையர் மட்டும் வாழ்நாள் முழுக்க, உதடு இல்லாதபடியால் பரிசு கிடைத்தவராக இருப்பார். நான் அவருடைய இறங்கிய காலைப் பார்த்தேன்.

"வட்டவிதானையார் சொல்லுறது சரி," என்றேன்.

செல்லத்துரையர் மற்றக் காலையும் இறக்கப் போனார்.

"நில்லுங்கோ! சட்டம் பிழை. அதைப் போட்டது நான். இது எழுத்துப் போட்டி. நான் எழுத்தைக் கேக்காமல் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன். குங்குமம் எல்லாப் பிழையையும் பிடிக்கவும் இல்லை. போன சுற்றில வட்டவிதானையார் உழவன் எண்டார், அவன் எண்டார். ரெண்டும் வ. எனக்குக் கேட்டது. நான் மணி அடிக்கேல்லை. அதுவும் என்ர பிழை."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். பரமலிங்கத்தாரின் முகம் சிவந்தது. பிறகு அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, அப்பவே அடிச்சிருக்கலாமே ரீச்சர்! சரி, உங்கட புதுச் சட்டத்தைச் சொல்லுங்கோ."

கரும்பலகையைத் திருப்பி மூன்று எழுத்தையும் எழுதினேன். என் ஐந்தாம் வகுப்பைக் கூப்பிட்டு முன்னால் நிலத்தில் இருத்தினேன். ஒரு மாதமாக இதே வேலையாகத் திரிந்த காதுகள். அவர்களை ஏமாற்ற ஆளில்லை. சாந்தியை மட்டும் தாயோடு போய் இருக்கச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள்.

"ஆரின்ர வாயில எப்பிடி வந்தாலும் சரி, இந்த எழுத்து உள்ள சொல் வந்தால் பிள்ளையள் கை தூக்குவினம். போன சுற்று முடிஞ்சுது. ரெண்டு பேரும் இதிலயிருந்து புதுசாத் தொடங்குங்கோ."

டீ.ஆர்.ஓ. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பரமலிங்கத்தார் குங்குமத்தைத் துடைத்துவிட்டு முதலில் நின்றார். "ஆன்றோர்களே, சான்றோர்களே! தண்ணீர் இன்றிக் காடு இல்லை, நாடு இல்லை. ஏன், நீங்கள் நாங்கள் கூட இல்லை!" கைதட்டல். அவர் சொல்லுக்குச் சொல் காலூன்றி நடந்தார். அரை நிமிஷம் தாண்டியது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்தார்கள். "ஆகையினால், தண்ணீர்தான் எங்கள் செல்வம்..."

பதினான்கு கைகள் ஒரேயடியாக மேலே போயின. நான் மணியை அடித்தேன். தலைமையாசிரியரின் கடிகாரத்தில் நாற்பது வினாடி. பரமலிங்கத்தார் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

செல்லத்துரையர் நடுமேடைக்கு வந்தார். அவரிடம் சால்வை இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். டீ.ஆர்.ஓ.வை நேராகப் பார்த்தார்.

"ஐயா, நான் செல்லத்துரை. கடைசிக் காணிக்காரன். ஏரியிலை தண்ணீர் இருக்கு. துருசைத் திறந்தால் ஓடுது. ஓடிற தண்ணீரை நான் காதாலை கேக்கிறன், கண்ணாலை காணேல்லை."

பிள்ளைகளின் கைகள் மடியில். சனம் ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைப்பது போலக் கேட்டது. எங்கே விழுவார், எங்கே விழுவார் என்றுதான் கேட்டார்கள். ஆனால் கேட்டார்கள். கமக்காரர் கூட்டத்தில் அவருக்குக் கிடைக்காத காது இப்போது நூற்றுக்கணக்கில் அவர் முன்னால் திறந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதர் அரிக்கன் லாம்புப் பரிசுக்காக மேடை ஏறவில்லை.

நாற்பது வினாடி தாண்டியது. வென்றுவிட்டார். தலைமையாசிரியர் என் முழங்கையைத் தட்டினார். "வெண்டாச்சு. அடியும், அடியும்! முறைப்பாட்டில போய் நிக்கப்போகுது."

"இரண்டு நிமிஷம் எண்டு சொன்னனாங்கள் சேர்," என்றேன். மணியின் நாக்கை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடையிலை தரை ஏறிக் கிடக்கு ஐயா. ஆள் உயரத்துக்கு நாணல். தண்ணீர் நாணலிலை நிக்குது, எங்களிட்டை எட்டேல்லை. எங்கடை கரையிலை ஏழு குடி. ஏழு குடியின்ரை நெல் கதிர் கட்டிற நாள் இது. இன்றிலிருந்து எட்டு நாள். எட்டு நாளிலை தண்ணீர் ஏறாட்டில் ஏழு குடிக்குச் சோறு இல்லை. நான் குறை சொல்லேல்லை. ஆனால், கடைசிக் கரைக்கு ஆர் நடந்து கண்டது?"

பரமலிங்கத்தார் தலையைக் குனிந்துகொண்டார். கடிகாரம் ஒன்றே முக்கால் நிமிஷம் காட்டியது.

"ஆகையாலை ஐயா, நாளைக்குக் காலையிலை எங்கடை காணிக்கு..."

நின்றார்.

மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது அடுத்த சொல் என்ன என்று. வாங்கோ. அதை விட்டால் தமிழில் ஒரு ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வரவேணும், வாருங்கள், எல்லாம் வ. அரைச்சுவரில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பிள்ளைகளின் கைகள் தோள்வரைக்கும் வந்துவிட்டன. நான் என் தலைக்குள் இருந்த எல்லாச் சொல்லையும் கொட்டித் தேடினேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஐந்து வினாடி. ஆறு. ஏழு.

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தார். டீ.ஆர்.ஓ.வைப் பார்த்துக் கூப்பினார்.

"எழுந்தருளுங்கோ!"

கோயிலில் சுவாமியைத் தேருக்கு அழைக்கிற சொல்! அடுத்த கணம் அந்தக் கொட்டில் இடிந்து விழாதது எங்கள் அதிர்ஷ்டம். பிள்ளைகள் துள்ளினார்கள். மனேச்சர் சால்வையைச் சுழற்றி எறிந்தார். பரமலிங்கத்தார்தான் முதலில் மேடைக்கு ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தவர். நான் மணியை அடித்தேன் என்று நினைக்கிறேன், எனக்கே கேட்கவில்லை. பூமணி சாந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தா.

டீ.ஆர்.ஓ. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "தேரில்லை, ஜீப்பிலதான் வருவன்," என்றார். "நாளைக்குக் காலமை ஏழு மணி. வட்டவிதானையார், நீரும் வாரும். கடைசி மட்டும் நடப்பம்."

வந்தார். சொன்னபடி ஏழு மணிக்கு. நானும் போனேன், விடிய விடிய நித்திரையே இல்லை எனக்கு. வாய்க்காலில் முந்நூறு கஜம் தூரத்துக்கு மண் மூடி, நாணல் ஆளை மறைத்தது. பரமலிங்கத்தார் அதைப் பார்த்துக்கொண்டு நின்று, "நான் நடுப்பாலம் மட்டும்தான் நடந்து பாக்கிறனான். கடைசிக்கு வரேல்லை. அது என்ர பிழை," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் நாற்பது மண்வெட்டி இறங்கியது. மேல்காணிக்காரரும் வந்தார்கள். நாலாம் நாள் பின்னேரம் துருசு திறந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகள் வாய்க்கால் கரையால் தண்ணீரின் முன்நுனியோடு கத்திக்கொண்டு ஓடினார்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது கடைசிக் காணிக்குள் நுழைந்தது. ஏழு குடியும் அந்தப் போகம் அறுவடை செய்தன.

ஓட்டுக்கூரையா? அது வர இன்னும் இரண்டு வருஷம் எடுத்தது. தலைமையாசிரியர் கொஞ்சநாள் என்னோடு முகம் கொடுக்கவில்லை. பிறகு சரியாகிவிட்டார்.

பெரிய தத்துவம் எதையும் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் போட்ட சட்டம் பிழை என்று தெரிந்தால், நீங்களே எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். யாரும் உங்களைக் கடித்துத் தின்ன மாட்டார்கள். பெரியவருக்கு ஒரு காது, எளியவருக்கு ஒரு காது என்று வைக்காதீர்கள். ஒருவர் உங்களுக்குச் சங்கடமானதைப் பேசத் தொடங்கினால், அவருக்குக் கொடுத்த நேரம் முடிகிறவரை மணியைப் பொத்திப் பிடியுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை.

அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னால் கமக்காரர் கூட்டம் எங்கள் பாடசாலையிலேயே நடந்தது. டீ.ஆர்.ஓ. தலைமை. கடைசிக் கரை ஏழு குடியும் தங்களுக்காகப் பேசச் செல்லத்துரையரைத் தெரிவுசெய்திருந்தார்கள். தலைமையாசிரியர் கூட்டக் குறிப்பு எழுதினார். நான் அவருக்கு உதவியாகப் பக்கத்தில் இருந்தேன்.

செல்லத்துரையர் எழுந்தார். நான் என்னை அறியாமல் முன்னுக்குச் சாய்ந்தேன், என்னென்ன சொல் தேடப்போகிறாரோ என்று. அவர் தேடவில்லை. நேரே பேசினார். ப வந்தது, காற்றாக. ம வந்தது, மூக்கால். வ வந்தது, பாதியாக. எந்த எழுத்தையும் அவர் சுற்றிப் போகவில்லை. முதல் இரண்டு வசனத்துக்கு எல்லாரும் காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது, பிறகு பழகிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீ.ஆர்.ஓ. ஒரு இடத்தில் மட்டும், "அதைத் திருப்பிச் சொல்லுங்கோ," என்றார். அவர் திருப்பிச் சொன்னார். கால் மணித்தியாலம் பேசினார்.

தலைமையாசிரியர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். "வாய்க்காலை வருஷம் இரு முறை துப்புரவு செய்ய வேண்டும். முதல் முறைத் தண்ணீர் கடைசிக் காணிகளுக்கு விடப்பட வேண்டும்" என்று இருந்தது. அதற்கு மேலே பரமலிங்கத்தாரின் வசனம், கீழே இன்னொருவருடையது. எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில். எது யாருடைய வாயிலிருந்து எப்படி வந்தது என்று அந்தத் தாளைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.